குரல் தனியே, வாத்தியம் தனியே

பதிவான ஒரு பாட்டிலிருந்து பாடகரின் குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் வேலைக்கு ஒலிப் பிரிப்பு என்று பெயர். பிரிந்து வரும் ஒவ்வொரு பகுதியையும் ஒலிப்பதிவுக் கூடங்களில் 'ஸ்டெம்' என்பார்கள். குரல் ஸ்டெம்மை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைச் சேர்த்து ஓட்டினால், மெல்லிசை மேடைகளில் 'மைனஸ் ஒன்' என்றும் 'கரோக்கி' என்றும் வழங்கும் டிராக் கிடைத்துவிடும். குரலை மட்டும் வைத்துக்கொண்டால் பாடகர் தன்னந்தனியாகப் பாடியதுபோல் கேட்கும். 2010-களின் நடுப்பகுதிவரை ஆய்வுக்கூடங்களில்கூட அரைகுறையாகவே முடிந்த இந்த வேலையை, இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வீட்டு மடிக்கணினியில் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. சினிமாப் பாட்டில் நன்றாகச் செய்கிறது, கர்நாடக இசைக் கச்சேரியில் தடுமாறுகிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தைப் பார்த்தாலே மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதும் விளங்கிவிடும்.

நூலும் சாயமும்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடாக்களை ஓட்டி, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒன்றோடொன்று கோத்து நெய்கிறார்கள். நெய்து முடித்த பிறகும் நூல் நூலாகவே இருக்கிறது. எது பாவு, எது ஊடை, எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று இழையைத் தொட்டுக் காட்டிவிடலாம்.

பாட்டுப் பதிவு சாயத்தொட்டியைப் போன்றது. மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையான பிறகு, அதில் மஞ்சள் எந்தத் துளி, நீலம் எந்தத் துளி என்று காட்ட வழியில்லை. மைக் அளப்பது காற்றின் அழுத்தத்தை மட்டுமே. குரலும் வயலினும் மிருதங்கமும் ஒரே காற்றைத்தான் அசைக்கின்றன. அந்த அசைவுகளின் கூட்டுத்தொகை, கணத்துக்கு ஓர் எண்ணாகப் பதிவாகிறது. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு சேனலில் 79 லட்சத்து 38 ஆயிரம் எண்கள். அவற்றில் ஏதோ ஓர் எண் 10 என்றால், அது குரலின் 7-ம் வயலினின் 3-ம் சேர்ந்ததா, குரலின் 12-லிருந்து வயலினின் 2 கழிந்ததா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. விடைகள் எண்ணற்றவை.

மனிதக் காது இதை எளிதாகச் செய்கிறது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வது காதில் விழுகிறது. இந்தத் திறனை 1953-இல் ஆராய்ந்து எழுதிய பிரிட்டிஷ் அறிவியலாளர் காலின் செரி, விருந்துக் கூட்டத்தின் இரைச்சலை உதாரணமாக எடுத்துக்கொண்டதால் 'காக்டெயில் பார்ட்டிச் சிக்கல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. காது நம்பியிருப்பது பழக்கத்தை. மனிதக் குரல் எப்படி இருக்கும், தவில் எப்படி இருக்கும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். மென்பொருளுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்ததும் அந்தப் பழக்கம்தான்.

புனலிலிருந்து பல டிராக்குக்கு

ஒரு பதிவைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது அது எந்தக் காலத்துப் பதிவு என்பதைப் பொறுத்தது. காஞ்சிபுரத்து இசைப் பரம்பரையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கிராமபோன் தட்டுகளில் பாடிய முதல் தலைமுறைக் கலைஞர்களில் ஒருவர். அக்காலத்தில் மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துப் பாடகர் உரக்கப் பாட வேண்டும். ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறும். மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் அந்தப் புனலில் ஏறாது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியும் தம்பூராவின் ரீங்காரமும் பெரும்பாலும் பதிவுக்கு வெளியே நின்றுவிட்டன.

மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்வது 1925-இல் வணிக வழக்குக்கு வந்தது. 1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாளின் குரல் இந்தக் காலத்தைச் சேர்ந்தது. 'தியாக பூமி' (1939), 'நாம் இருவர்' (1947) படங்களில் அவர் பாடியவையும் அக்கால இசைத்தட்டுகளும் 'மோனோ' பதிவுகள். குரலும் பக்கவாத்தியமும் பாடும்போதே ஒன்றாகக் கலந்து ஒரே தடத்தில் இறங்கிவிட்டன. தனித்தனியான மூலப்பதிவு என்று எந்த நாளிலும் இருந்ததில்லை.

பிறகு இடம், வலம் என்று இரண்டு சேனல் கொண்ட ஸ்டீரியோ வந்தது. தமிழ்த் திரையில் அதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது இளையராஜா இசையமைத்த 'பிரியா' (1978). அதற்கடுத்து ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித் தடத்தில் பதிந்து பின்னால் கலக்கும் பல டிராக் முறை வழக்கமாயிற்று. பல டிராக் மூலநாடா பத்திரமாக இருந்தால் பிரிப்பு மென்பொருளுக்கு வேலையே இல்லை. நாடா தொலைந்த பாட்டுகளுக்கும், மூலநாடாவே இல்லாத மோனோ காலத்துப் பாட்டுகளுக்கும்தான் அது தேவைப்படுகிறது.

கழித்துப் பார்த்த காலம்

செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன் கரோக்கி டிராக் செய்தவர்கள் ஓர் எளிய கணக்கை நம்பினார்கள். ஸ்டீரியோப் பாட்டில் குரலை வழக்கமாக நட்டநடுவில் வைப்பார்கள். அதாவது இரண்டு சேனல்களிலும் குரல் ஒரே அளவில் இருக்கும். இடச் சேனலிலிருந்து வலச் சேனலைக் கழித்தால் குரல் மறையும், பக்கங்களில் வைத்த வாத்தியங்கள் மிஞ்சும். ஆனால் நடுவில் வைத்த பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் அடியும் குரலோடு சேர்ந்தே போய்விடும். குரலுக்குக் கூட்டிய எதிரொலி மட்டும் ஆவிபோலப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும். மோனோப் பதிவில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால், பட்டம்மாளின் பழைய தட்டில் இந்தக் கணக்கைப் போட்டால் மிச்சம் பூஜ்யம். பாட்டே இருக்காது.

1990-களில் வளர்ந்த புள்ளியியல் முறை ஒன்று, எத்தனை ஒலிமூலங்களோ அத்தனை மைக்குகள் கேட்டது. 1999-இல் லீ, சியுங் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய ஆய்வுரைக்குப் பிறகு, ஒலியைத் திரும்பத் திரும்ப வரும் சில அடிப்படை வடிவங்களின் கூட்டாக எழுதிப் பார்க்கும் முறை பரவியது. ஒரே மாதிரி அடிக்கும் டிரம்ஸை அது பிடித்தது. நொடிக்கு நொடி வளையும் குரலைப் பிடிக்கவில்லை.

கட்டம் கட்டமாய்ப் பாட்டு

இன்றைய மென்பொருளில் பெரும்பகுதி, பாட்டை முதலில் ஒரு படமாக மாற்றிக்கொள்கிறது. 4,096 எண்கள், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான துண்டை எடுத்து, அதில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கணக்கிடுகிறது. பிறகு 1,024 எண்கள் தள்ளி அடுத்த துண்டு. இப்படியே பாட்டு முழுவதும். படுக்கைவாட்டில் காலம், நெடுக்குவாட்டில் அதிர்வெண் என்று ஒரு கட்டத்தாள் உருவாகிறது. சேலைக்கு டிசைன் போடும் கட்டத்தாளை நினைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு சேனலில் சுமார் 1 கோடியே 58 லட்சம் கட்டங்கள் வரும்.

அந்தப் படத்தில் மிருதங்க அடி, நெட்டாக நிற்கும் கோடு. தம்பூரா, கிடையாக ஓடும் கோடுகள். கமகத்தோடு பாடும் குரல், அடுக்கடுக்கான அலைக்கோடுகள். மென்பொருள் செய்ய வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு கட்டத்துக்கும் 0-லிருந்து 1-க்குள் ஓர் எண் தர வேண்டும். ஒரு கட்டத்துக்கு 0.8 என்று போட்டால், அங்கே உள்ள ஒலியில் எண்பது விழுக்காடு குரலுக்குப் போகும். எல்லாக் கட்டங்களுக்குமான இந்த எண்களின் தொகுதிக்கு 'மாஸ்க்' என்று பெயர். மாஸ்க்கைப் படத்தின் மேல் போட்டு, படத்தை மறுபடி ஒலியாக்கினால் குரல் ஸ்டெம் கிடைக்கிறது.

எந்தக் கட்டத்துக்கு என்ன எண் என்பதை நியூரல் நெட்வொர்க் பயிற்சியால் கற்கிறது. ஏற்கெனவே தனித்தனியாகப் பதிவான ஸ்டெம்களை எடுத்துக் கலந்து கொடுத்து, பிரிக்கச் சொல்வார்கள். அசல் கையில் இருப்பதால் எவ்வளவு தவறியது என்று அளக்கலாம். தவறைக் குறைக்கும் திசையில் நெட்வொர்க்கின் உள் எண்கள் சற்றே மாற்றப்படும். லட்சக்கணக்கான முறை இது நடக்கும். ஒரு பாட்டின் குரலை வேறொரு பாட்டின் டிரம்ஸோடு கலந்து கொடுப்பதும், சுருதியை ஏற்றி இறக்கிக் கொடுப்பதும் பயிற்சியின் பகுதிகள்.

இந்தத் துறையின் பாடநூல்போல் இருப்பது 'மியூஸ்டிபி18' என்ற தொகுப்பு. 150 பாட்டுகள், சுமார் பத்து மணி நேர இசை. 100 பாட்டுகள் பயிற்சிக்கு, 50 தேர்வுக்கு. ஒவ்வொரு பாட்டும் குரல், டிரம்ஸ், பேஸ், 'மற்றவை' என்று நான்கு ஸ்டெம்களாக இருக்கும். பிரான்ஸின் டீஸர் நிறுவனம் 2019 நவம்பரில் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டபோது இந்தத் தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தது. அதே ஆண்டு பேஸ்புக் ஆய்வுப் பிரிவின் 'டெமுக்ஸ்' வந்தது. கட்டத்தாள் படத்துக்குப் போகாமல் எண் வரிசையை நேராகவே எடுத்துக் கற்பது அதன் வழி. பின்னர் வந்த பதிப்புகள் இரண்டு வழிகளையும் சேர்த்துக்கொண்டன. 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு, மியூஸ்டிபி தேர்வில் சராசரியாக 9 டெசிபல் பெற்றது. பிரிந்து வந்த ஒலியில் சரியான பகுதியின் ஆற்றல், பிழையின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு என்பது அதன் பொருள்.

கச்சேரி ஏன் கடினம்

குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்ற நான்கு பெட்டிகளும் மேற்கத்திய பாப் இசைக்கு அளவெடுத்தவை. தமிழ் சினிமாப் பாட்டும் பெரும்பாலும் அவற்றில் அடங்கிவிடும். கர்நாடக இசை அடங்காது. வயலின், கடம், கஞ்சிரா, மோர்சிங், நாதஸ்வரம் எதற்கும் தனிப் பெட்டி இல்லை. மிருதங்கம் டிரம்ஸ் பெட்டியில் பாதியும் மற்றவையில் பாதியுமாகச் சிதறும்.

மிருதங்கம் சிதறுவதற்குக் காரணம் உண்டு. டிரம்ஸ் அடிக்குத் திட்டமான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் 'சாதம்' எனப்படும் கரும்பூச்சு இருப்பதால், அதன் மேலொலிகள் தந்தி வாத்தியத்தைப்போல் ஒழுங்கான மடங்குகளில் அமைகின்றன. 1920-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதிக் காட்டியவர் சி.வி. ராமன். பாடகரின் ஆதார சட்ஜத்துக்கு மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பார்கள். ஆகவே அதன் மீட்டு, சாப்பு என்ற அடிகள் குரலின் ஸ்வரம் நிற்கும் அதே கோட்டில் விழுகின்றன.

வயலின் இன்னும் கடினம். ஒரு கட்டைச் சுருதியில் ஆண் குரல் சட்ஜத்தில் நிற்கிறது என்று கொண்டால், அதன் அதிர்வெண் சுமார் 131 ஹெர்ட்ஸ். மேலொலிகள் 262, 393, 524, 655, 786 என்று ஏறும். வயலின் அதே சட்ஜத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் 262, 524, 786. வயலினின் ஒவ்வொரு கோடும் குரலின் ஏதோ ஒரு கோட்டின் மேலேயே படிகிறது. மென்பொருளின் பார்வையில் அங்கே இரண்டு ஒலிகள் இல்லை, ஒரே கட்டம்தான். மேற்கத்திய பாட்டில் கிட்டார் தன் வழியில் போகும், குரல் தன் வழியில் போகும். கர்நாடக இசையில் பக்கவாத்தியம் செய்ய வேண்டியதே குரலை நிழல்போல் ஒட்டிக்கொண்டு, அதே கமகத்தை அதே வளைவில் வாசிப்பது. வித்வானின் திறமை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மென்பொருளின் வேலை கெடுகிறது. ஆலாபனையில் பாடகர் நிறுத்தி, வயலின் தனியே எதிரொலிக்கும் இடங்களில் மென்பொருள் வயலினையே குரல் என்று எண்ணிக் குரல் ஸ்டெம்முக்குள் அனுப்பிவிடுவதும் உண்டு.

இதற்கு ஒரே மருந்து கர்நாடக இசையைக்கொண்டே பயிற்சி கொடுப்பது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும் பங்கேற்றது. அதன் வழியே வந்த 'சராகா' தொகுப்பின் கர்நாடகப் பகுதியில் 249 பதிவுகள் உள்ளன. அவற்றில் 168 பல டிராக் பதிவுகள்: குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி, கடம் என்று தனித்தனித் தடங்கள்.

ஆனால் அவை உண்மையான கச்சேரி மேடையில் எடுத்தவை. கலைஞர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். பாடகரின் மைக்கிலேயே மிருதங்கமும் வயலினும் கேட்கும். 'இதுதான் தனிக்குரல்' என்று காட்டும் விடைத்தாளிலேயே மற்ற வாத்தியங்கள் கசிந்திருக்கின்றன. கசிவுள்ள பதிவுகளை வைத்தே குரலைப் பிரிக்கக் கற்றுத்தரும் முறையொன்றை 2023-இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2024-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து, கசிவில்லாமல் ஸ்டூடியோ தரத்தில் பதிந்த 'சந்நிதா' என்ற கர்நாடக இசைத் தொகுப்பு வெளிவந்தது. பொதுவான ஸ்ப்ளீட்டரை அதில் மேற்பயிற்சி கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

எங்கெல்லாம் பயன்படுகிறது

உலகறிந்த எடுத்துக்காட்டு பீட்டில்ஸ். ஜான் லெனன் 1970-களின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடி வைத்த கேசட்டில் குரல் பியானோவுக்குள் அமிழ்ந்து கிடந்தது. 1990-களில் முயன்று கைவிட்ட அந்தப் பாட்டை, இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் குரலைத் தனியே எடுத்துத் தந்த பிறகு முடித்து, 2023 நவம்பர் 2 அன்று 'நவ் அண்ட் தென்' என்று வெளியிட்டார்கள். அதில் கேட்பது லெனன் பாடிய குரலே.

தமிழில் பேசப்பட்ட இரண்டு பாடல்கள் வேறு வகை. 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும், 'கோட்' படத்துக்காக யுவன் சங்கர் ராஜா தன் மறைந்த சகோதரி பவதாரிணியின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் பாட வைத்தார்கள். அது புதிய பாட்டுக்குக் குரலை உண்டாக்குவது. ஒலிப் பிரிப்பு, ஏற்கெனவே பாடியதை வெளியே எடுப்பது. ஆனால் குரலை உண்டாக்கும் மென்பொருளுக்குத் தீனியாகத் தேவைப்படுவது வாத்தியக் கலப்பில்லாத குரல் என்பதால், இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

பெரிய காஞ்சிபுரம் போன்ற ஊரில் இதன் பயன் இன்னும் சாதாரணமானது. ஏகாம்பரநாதருக்குப் பங்குனி உத்திரம், காமாட்சியம்மனுக்கு மாசி பிரம்மோற்சவம் என்று திருவிழா மேடை ஓயாத ஊர். டிராக்கை ஓட்டிப் பாடும் பாடகருக்கு, கடையில் கிடைக்காத பழைய பாட்டின் கரோக்கியைத் தானே செய்துகொள்ள முடிகிறது. மிருதங்கம் பயிலும் மாணவர், பதிவிலிருந்து மிருதங்கத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் தான் வாசித்துப் பழகலாம். பாட்டுக் கற்பவர் குரலை மட்டும் வைத்து, வேகத்தையும் குறைத்து, ஒரு சங்கதி எந்த ஸ்வரத்தில் தொடங்கி எங்கே இறங்குகிறது என்று கேட்கலாம். ஆய்வாளருக்கு, ராகத்தின் வளைவுகளைக் கணினியில் வரைந்து பார்க்கச் சுத்தமான குரல் கிடைக்கிறது.

பழைய 78 சுழற்சித் தட்டுகளைத் துப்புரவாக்கவும் உதவும். தட்டின் கீறலும் இரைச்சலும் 'மற்றவை' பெட்டிக்குப் போக, குரல் முன்னே வரும். ஆனால் புனல் காலத்துப் பதிவில் கவனம் தேவை. தனகோடி அம்மாள் காலத்துத் தட்டில் இரைச்சல் எது, குரலின் மூச்சு எது என்று புதிய பாப் பாட்டில் பயின்ற மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். துடைத்த பிரதியோடு துடைக்காத பிரதியையும் வைத்துக்கொள்வதே ஆவணக் காப்பின் முதல் விதி.

சட்டம் சொல்வது

மென்பொருள் பிரித்துத் தந்ததாலேயே அந்த ஒலி பிரித்தவருக்குச் சொந்தமாகிவிடாது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பாடல் வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1939-இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அதில் உள்ள பாட்டு, 1973-இல் மறைந்த பாபநாசம் சிவன் இயற்றியதாக இருந்தால், அதன் உரிமை 2033 முடியும்வரை உண்டு. தியாகராஜர் கீர்த்தனைக்கு அந்தத் தடை இல்லை. சொந்தப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துவதைச் சட்டம் நியாயமான கையாளலாக ஏற்கிறது. பிரித்தெடுத்த டிராக்கை விற்பதும், கட்டண மேடையில் ஓட்டுவதும், இணையத்தில் ஏற்றுவதும் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை. 2012-இல் செய்த திருத்தம், தன் பெயருக்கு ஊறு வரும்படி நிகழ்ச்சியைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைக் கலைஞருக்கும் கொடுத்திருக்கிறது.

மென்பொருளின் எல்லை

பிரிந்து வரும் ஸ்டெம், அசல் தடத்தின் மீட்பு அல்ல. நன்றாகப் பயின்ற ஒரு யூகம். யூகம் தவறும் இடங்களைக் காதே கண்டுபிடிக்கும். 'ஸ', 'ச', 'ஷ' ஒலிகள் தாளவாத்தியத்தோடு ஓடிவிடும். நீட்டி நிறுத்தும் கார்வையின் வால் அறுந்து போகும். குரல் தண்ணீருக்குள் பாடியதுபோல் கொழகொழக்கும். இவற்றைக் குறைக்க, எம்பி3-க்குப் பதிலாக இழப்பில்லாத கோப்பைக் கொடுப்பதும், இரண்டு மூன்று மென்பொருள்களின் விடைகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதும் நடைமுறையில் உள்ள வழிகள்.

இந்த மென்பொருளுக்குக் காஞ்சிபுரம் தந்திருக்கக்கூடிய மிகக் கடினமான தேர்வு நாயனாப் பிள்ளையின் கச்சேரி. தனகோடி அம்மாளின் சகோதரி மகனான அவர் (1889-1934) லயத்திலும் பல்லவியிலும் பெயர் பெற்றவர். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துப் பாடியதால் அவரது கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர். அத்தனை வாத்தியமும் ஒன்றாகக் கோர்வை என்னும் தாள முடிப்பில் வந்து விழும் இடத்தைப் பிரித்துக் காட்டினால் எந்த மென்பொருளும் தேறிவிட்டதாகச் சொல்லலாம். ஆனால் நாயனாப் பிள்ளை இசைத்தட்டுக்குப் பாட இசையவில்லை. அவர் குரல் எந்தப் பதிவிலும் இல்லை. கலந்ததைப் பிரிக்கும் மென்பொருளுக்கு, கலந்ததாவது கையில் இருக்க வேண்டும்.